வெறுந்தூக்கு அனுப்பாதவள்

என் சின்னம்மா லட்சுமியின் மகள் வேம்பு, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு அவள் எங்கள் உறவுக்காரர்களையும், பக்கத்து வீட்டு உசேன் பாயையும் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

வழக்கம் என்னவோ எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஒரு வீட்டிலிருந்து குழம்போ கஞ்சியோ வந்தால், பாத்திரத்தைக் கழுவிக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத் தருவார்கள். வேம்புவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். உழவர்கரையில் அவள் புருஷன் வீடு கட்டியபோது, பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறத்தில் உசேன் பாயும் அவர் மனைவி பரீதாவும் குடியிருந்தார்கள். பாய் டவுனில் தையல் கடை வைத்திருந்தவர். பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்ததும் இங்கே வந்துவிட்டார். நோன்பு மாதத்தில் அந்தச் சுவருக்கு மேலாக ஓர் எவர்சில்வர் தூக்கில் கஞ்சி வரும். தை பிறந்தால் அதே தூக்கில் சர்க்கரைப் பொங்கல் போகும். அந்தத் தூக்கு யார் வீட்டுடையது என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அது வேம்புவின் கல்யாணத்துக்கு எங்கள் அத்தை மகன் நாராயணசாமி வைத்த சீர்.

வேம்புவின் மகள் ஹேமலதா பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் தூக்குக்குக் கேடுகாலம் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் குடும்பம் மொத்தமும் அங்கேதான். ஆகஸ்டில் வக்கான்சு என்று லீவு விட்டதும் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் வீட்டில் அந்தப் பெட்டியிலிருந்து சாக்லேட்டும் சென்ட்டும் சோப்பும் இறங்கும். வேம்பு வீட்டில் சோப்போடு மாத்திரையும் இறங்கும்.

அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்க முடியாதாம். அதனால் ஹேமலதா அவள் வீட்டில் மிச்சப்பட்டது, ஓரகத்தி வீட்டில் மிச்சப்பட்டது, கூட வேலை பார்க்கிறவள் வீட்டில் மிச்சப்பட்டது என்று சேர்த்துக்கொண்டு வருவாள். நான் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"ஏண்டி, படிச்சவதானே நீ? எதுக்கு இந்தக் குப்பையெல்லாம் விமானத்துல ஏத்திக்கினு வர?"

"அம்மா கேக்குது பெரியம்மா. கொண்டாரலன்னா போன்ல அழுவுது. நான் என்ன பண்ணட்டும்?"

வேம்புவுக்கு எழுத்து வராது. எனக்கும் கையெழுத்துக்கு மேல் வராது, அது வேறு விஷயம். அவள் மாத்திரைகளை நிறம் பார்த்துப் பிரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாக இருப்பது காய்ச்சலுக்கு. நீட்டு வெள்ளை வயிற்றுக்கு. உருண்டை வெள்ளை தொண்டைக்கு. ரோஸ் நிறம் எதற்கு என்று கேட்டால், "அது எல்லாத்துக்கும்" என்பாள். பிரான்சு மாத்திரைக்குத் தேதி முடியாது என்பது அவள் சட்டம். ஒரு வேளையோ இரண்டு வேளையோ போட்டு உடம்பு லேசானதும் நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தைத் திரும்ப டின்னில் சேர்த்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

இப்படியாக, தூக்கில் சர்க்கரைக்குப் பதில் மாத்திரை போக ஆரம்பித்தது. வீராம்பட்டினத்தில் இருக்கிற எங்கள் பெரியப்பா பேத்தி மீன் கொடுத்தனுப்பினால் அந்தச் சட்டிக்குள் இரண்டு சிவப்பு. மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் வேம்புவின் மகன் ராஜவேலின் சாப்பாட்டு டப்பாவில், தும்மினால் ஒரு வெள்ளை. துக்க வீட்டுக்குப் போனால்கூட முந்தானை முடிச்சில் மாத்திரை. நான் அவளைத் திட்டாத நாள் இல்லை. திட்டினால் சிரிப்பாள். "நீ முழுங்காதக்கா, ஆரு உன்ன முழுங்கச் சொன்னது" என்பாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இவள் சும்மா திமிரெடுத்து அலைந்தவள் என்று நினைப்பீர்கள். வேம்புவுக்கு ஏழுமலை என்று ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதில் அவனுக்கு விடாத காய்ச்சல். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சின்னம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனபோது, மருந்து தீர்ந்துவிட்டது, டவுனுக்குக் கொண்டுபோ என்றார்கள். டவுன் வருவதற்குள் தோளிலேயே அடங்கிப்போனான். வேம்பு கூடவே நடந்து வந்தவள். அன்றிலிருந்து அவளுக்கு மாத்திரை இல்லாத வீடு கூரை இல்லாத வீடு மாதிரி. காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அதற்காகத் தும்முகிறவன் வாயிலெல்லாம் மாத்திரையைத் திணிக்கலாமா?

போன வருஷம் உசேன் பாய்க்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. வயசானவர்களுக்கு வருகிற ப்ராஸ்டேட் வீக்கம். ஆஸ்பத்திரியில் குழாய் சொருகி, ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். சின்ன ஆபரேஷன்தான், செய்துவிட்டால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். பாய்க்கு வலியைவிட இன்னொன்றுதான் பெரிய வேதனை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தையல் கடை நடத்திய காலத்தில் எந்தக் கல்யாணத் துணியையும் பாதியில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போன மனுஷன் அவர். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, உடம்பு முடியாதவருக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, தாராளமாக வரலாம் என்று சொல்லிப் பார்த்தார். பாய் கேட்கவில்லை.

"வெளியே தொங்குற பையோட போய் வரிசையில நிக்கிறதுக்கு எனக்கு மனசு ஒப்பலைங்க ஹஜ்ரத்" என்றார். "இத எடுத்துட்டுத்தான் வருவேன்."

பாங்கு சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பரீதா சுவரோரம் வந்து சொல்லி அழுவாள். ஆகவே ஆபரேஷன் எப்போது என்பதுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு.

ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை ஒன்று செய்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற கிருமி எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமியாம். அதைக் கொல்லாமல் கத்தி வைத்தால் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாம்.

வேம்பு இதைக் கேட்டதும் என்ன செய்தாள் தெரியுமா? ஹேமலதாவுக்குப் போன் போட்டு, இருக்கிறதிலேயே பவரான மாத்திரையாகப் பார்த்து யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகும்போது ராஜவேல்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். பாய், பரீதா, வேம்பு, கூடவே நான். வேம்பு மடியில் பிஸ்கட் டின்.

டாக்டர் ஒரு பெண். பொறுமையான பொண்ணு, ஆனால் முகத்தில் தூக்கமே இல்லை. "இதுக்கு முன்னால ஆன்டிபயாடிக் நிறைய சாப்பிட்டிருக்காரா?" என்று கேட்டாள்.

பரீதா வாயைத் திறப்பதற்குள் வேம்பு டின்னை மேஜைமேல் வைத்தாள். "பாய்க்கு நான் ஒரு கொறயும் வச்சதில்லம்மா. தூக்கு வரும்போதெல்லாம் போட்டு அனுப்பிக்கினே இருந்தேன். எல்லாம் பிரான்சு."

டாக்டர் டின்னைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்து, இன்னோர் அட்டையை எடுத்து, பிறகு மூடிவிட்டாள். "ஐயா, இதெல்லாம் நீங்க முழுங்கினீங்களா?"

பாய் பரீதாவைப் பார்த்தார். பரீதா தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் பாய். "இனிமே என்ன மறைக்கிறது."

"அவுங்க ஒண்ணுகூட முழுங்கல டாக்டர்" என்றாள் பரீதா. "மாத்திரைன்னாலே அவுங்களுக்கு ஆவாது. அக்கா ஆசையா அனுப்புது, தூக்கிப் போடவும் எனக்கு மனசு வரல. கோழிக்குச் சீக்கு வந்தப்ப நுணுக்கித் தீவனத்துல கலந்து வச்சேன். நல்லாயிடுச்சி. அப்பறம் அப்படியே வச்சிக்கினு இருந்தேன்."

வேம்பு டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோழிக்கா?" என்றாள் வேம்பு. "எம்மவ பிரான்சுலேருந்து தூக்கியாந்தத கோழிக்கா போட்ட?"

"அந்தக் கோழி முட்டையத்தானே அக்கா உனக்கும் அதே தூக்குல போட்டு அனுப்பினேன்."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். வருஷக்கணக்காகச் சுவருக்கு மேலே மாத்திரை போய், கோழிக்குள் இறங்கி, முட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது. மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"அப்ப நான் முழுங்காத மாத்திரைக்கு எனக்குள்ள இருக்கிற கிருமி எப்படிம்மா பழகுச்சி?" என்று பாய் கேட்டார். நியாயமான கேள்விதான்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். எல்லார் குடலிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, பெரும்பாலும் சாதுவானவை என்றாள். மாத்திரை உள்ளே போனால் அடங்குகிறது எல்லாம் சாகும், அடங்காதது ஒன்றிரண்டு மட்டும் தப்பும். காலியான இடத்தையெல்லாம் அப்புறம் அதுதான் பிடித்துக்கொள்ளும். கோழிக் குடலிலும் அதே கதை. அப்புறம் எச்சத்தில் வரும், முற்றத்தில் கிடக்கும், முட்டை ஓட்டில் ஒட்டும், கையில் ஏறும், கழுவாத கையோடு வாய்க்குப் போகும். வெந்த முட்டையில் இருக்காது என்றும் சொன்னாள். குடலில் இருக்கிற வரை ஒன்றும் செய்யாது, குழாய் வழியாகச் சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிட்டால்தான் தொல்லையாம்.

"ஆனா இந்தக் கோழிதான் காரணம்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது" என்றாள். "ஊரெல்லாம் இருக்கு இது. தண்ணியில, ஆஸ்பத்திரியில, மெடிக்கல்ல கேட்டு வாங்கிச் சாப்பிடுறவங்ககிட்ட. எங்கேயிருந்தும் வந்திருக்கலாம்."

"தப்பிச்ச கிருமி குட்டி போடும், அது தெரியுது" என்றேன் நான். "அதோட வம்சந்தானே பெருகும்?"

"அதுதான் இல்லம்மா. வம்சத்துக்கு மட்டும் கொடுத்தா பரவாயில்லையே. மருந்துலேருந்து தப்பிக்கிற வித்தைய அது ஒரு சின்ன வளையம் மாதிரி தனியா வச்சிருக்கும். பக்கத்துல நிக்கிற கிருமிக்கு அதுல ஒரு நகல் எடுத்துக் கொடுத்துடும். அந்தக் கிருமி வேற இனமா இருந்தாலும் கொடுக்கும். தானும் ஒண்ணு வச்சிக்கும். அந்த ஒரே வளையத்துல நாலு மருந்துக்கான வித்தையும் சேர்ந்தே இருக்கும். ஒரு மாத்திரைக்குப் பயந்து வாங்கி வச்சிக்கினா மத்த மூணும் ஓசியில வந்துடும்."

எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் நான் தூக்கத்திலும் சொல்வேன். கொள்வினை கொடுப்பினை இல்லாத இடத்தில் உறவு சொல்ல எனக்குத் தெரியாது. பெற்றதும் இல்லை, பிறந்ததும் இல்லை, பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. வழியில் பார்த்தவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்குமாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாய்தான் சிரித்தார். அத்தனை வேதனையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வேம்பு தங்கச்சி மாதிரிதான் அதுவும். வெறுந்தூக்கு அனுப்பாது."

வேம்புவின் முகம் சுண்டிப்போனது.

"மாத்திரைய இன்னையோட நிறுத்திட்டா அந்தக் கிருமி போயிடுமா?" என்று பரீதா கேட்டாள்.

"கொறையலாம். மாசக்கணக்குல ஆகும். சில பேருக்கு வருஷம் தாண்டியும் கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருக்கும். அந்த வளையம் சுமையா இருந்தா தானா இறக்கி வச்சிடும்னு நெனப்போம். அதுவோ அந்தச் சுமையோட வாழப் பழகிக்கும். அடுத்த மாத்திரை எப்ப வரும்னு காத்துக்கினு இருக்கும்." டாக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "உங்க குடல்லயும் இருக்கலாம். என் குடல்லயும் இருக்கலாம்."

"அப்ப எங்களுக்கும் ஒரு மாத்திரை எழுதிக் குடும்மா, அத சாவடிக்க" என்றாள் வேம்பு.

அத்தனை நேரம் சொன்னதெல்லாம் விழலுக்கு இறைத்த தண்ணீர். டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். "வேணாம்மா. உடம்புக்கு ஒண்ணும் இல்லாதப்ப அதுக்கு மாத்திரை போட்டா அதுக்குத்தான் சோறு போட்ட மாதிரி. சோப்பு போட்டுக் கை கழுவுங்க. கோழிய வீட்டுக்குள்ள விடாதீங்க. அது போதும்."

பாயின் கிருமி ஓர் ஊசி மருந்துக்கு மட்டும் கட்டுப்படுகிறது, ஆஸ்பத்திரியில் படுத்து ஏற்ற வேண்டும் என்றாள். அதுவும் கேட்கவில்லை என்றால் குழாயோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பாய் அன்றே படுத்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகு ஒரு மனுஷி அடங்கியிருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். தூக்கு அப்போது வேம்புவிடம்தான் இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதில் பாய்க்குக் கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினாள். கஞ்சிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு புது மாத்திரை அட்டை. ஹேமலதா யாரோ திரும்பி வருகிறவரிடம் கொடுத்து விட்டது. ஊசியும் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

சாயங்காலம் ராஜவேல் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தான். வேம்பு வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பழம் இல்லை, பிஸ்கட் இல்லை, ஆஸ்பத்திரி ரொட்டித் துண்டுகூட இல்லை. நன்றாகக் கழுவித் துடைத்த வெறும் தூக்கு. மாத்திரை அட்டை தனியாக ராஜவேலின் சட்டைப் பையில் இருந்தது.

"பரீதா அத்தை இத உன் கையில குடுக்கச் சொல்லிச்சி. வேற எதுவும் சொல்லல" என்றான்.

சண்டை போட்டிருந்தால்கூட வேம்பு தாங்கியிருப்பாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போனபோது விளக்குக்கூடப் போடவில்லை.

"வெறுமையா அனுப்பிட்டாக்கா" என்றாள்.

"பின்ன? அந்தாளு படுத்துக் கெடக்குறாரு. கேக்குற ஒரே மருந்து சொட்டு சொட்டா எறங்கிக்கினு இருக்கு. நடுவுல நீ போய் இதத் திணிக்கிற. அவ வேற என்னா பண்ணுவா?"

"ஏழுமலைக்கு அன்னைக்கு ஒரு மாத்திர கெடச்சிருந்தா."

"கெடச்சிருந்தா பொழச்சிருப்பான். அத நான் இல்லேங்கல. அவனுக்குக் காய்ச்சல். கோழிக்கு என்னாடி கேடு? தும்முன ராஜவேலுக்கு என்னா கேடு? இப்பிடியே எல்லாரும் கண்டதுக்கும் முழுங்கிக்கினு இருந்தா, நாளைக்கு ஏழுமலை மாதிரி ஒரு புள்ள வரும். மருந்து இருக்கும். ஆனா கேக்காது. அத யாரு தோள்ல தூக்கிக்கினு நடக்குறது?"

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். சாக்கடையில் கொட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் எப்படியோ ஞாபகம் வைத்திருந்தாள். அந்தத் தண்ணீரில் இருக்கிற கிருமியும் பழகிக்கொள்ளுமாம். ராஜவேல் மறுநாள் மாத்திரைகளை டின்னோடு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்தான். டின்னையாவது திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அதற்கும் அவனைத் திட்டினாள். திருந்துகிற அளவு அவ்வளவுதான்.

ஊசி கேட்டது. அடுத்த பரிசோதனையில் சிறுநீர் சுத்தமாக வந்தது. ஆபரேஷன் நடந்தது, பிறகு குழாயையும் எடுத்தார்கள். குடலுக்குள் இருப்பதைப் பற்றி டாக்டர் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. இனி எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் இந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லி அனுப்பினாள்.

வேம்புவும் பரீதாவும் அதுவரை பேசிக்கொள்ளவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இவள் துணி காயப்போடுவாள். அந்தப் பக்கம் அவள் கோழிகளைக் கூண்டில் அடைப்பாள். தூக்கு வேம்புவின் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் நான் அல்லாடினேன். கிழவிகள் இரண்டும் சின்னப் பிள்ளைகள் மாதிரி முறைத்துக்கொண்டால் யார்தான் பஞ்சாயத்துப் பண்ணுவது?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உசேன் பாய் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாகத் தெருவில் இறங்கினார். மெதுவாகத்தான் நடந்தார். பேரன் ஃபவாஸ் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டார். ஜிப்பா ஓரத்தில் எதுவும் தொங்கவில்லை. வேம்பு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொழுகை முடிந்து அவர் வந்த கொஞ்ச நேரத்தில் சுவரோரம் பரீதாவின் குரல் கேட்டது.

"அக்கா. பாயசம் வச்சிருக்கேன். ஊத்தி அனுப்ப எங்கிட்ட பாத்திரம் இல்ல. தூக்கக் குடுக்குறியா, நீயே வச்சிக்கப் போறியா?"

வேம்பு தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள். திரும்பி அலமாரிப் பக்கம் போய், எதையோ எடுத்துத் தூக்குக்குள் போட்டாள். மறுபடியும் மாத்திரைதான் என்று நினைத்தேன். நான் அவளுக்கு முன்னால் சுவருக்குப் போய், கையை நீட்டித் தூக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே உறை பிரிக்காத சோப்பு ஒன்று இருந்தது. ஹேமலதா கொண்டுவந்த பிரான்சு சோப்பு. தூக்கு முழுக்க வாசனை.

"ஏண்டி, இதுல பாயசம் ஊத்துனா எவன் குடிப்பான்?" என்றேன்.

"கழுவிட்டு ஊத்தட்டும்" என்றாள் வேம்பு. "இத கோழிக்குப் போட மாட்டா இல்ல?"